சீனப் புத்தாண்டு: லாபா கஞ்சி முதல் விளக்குத் திருவிழா வரை, நாள் வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

சீனப் புத்தாண்டு என்றதும் சிவப்பு விளக்கு, சிங்க நடனம், ஆரஞ்சுப் பழம் என்ற மூன்று காட்சிகளோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். அது ஒரு நாள் பண்டிகை என்று நினைப்பதால் வரும் குறை இது. பழைய ஆண்டின் கடைசி மாதத்தில் தொடங்கி, புதிய ஆண்டின் முதல் பௌர்ணமி வரை நீளும் வழக்கங்களின் வரிசை அது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை உண்டு. முதல் நாளன்று துடைப்பத்தை ஏன் தொடக்கூடாது என்பது, அதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டை எப்படிக் கூட்டினார்கள் என்று தெரிந்தால்தான் விளங்கும். ஆகவே இந்த வழிகாட்டியும் நாள் வரிசையிலேயே செல்கிறது. சீன நண்பரின் வீட்டுக்கு அழைக்கப்பட்டவர்களுக்கும், அந்த நாட்களில் சீனாவில் இருக்கப்போகிறவர்களுக்கும் இது உதவும்.

தொடங்குமுன் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். முதலாவது, சீனா ஒரே சமையலறை கொண்ட நாடு அல்ல. வடக்கே கோதுமை, தெற்கே அரிசி. பெய்ஜிங்கில் கட்டாயமானது குவாங்தோங்கில் இல்லாமலே போகலாம். "சீனர்கள் எல்லோரும் இப்படித்தான்" என்று எழுதும் எந்தக் குறிப்பையும் நம்பாதீர்கள். இரண்டாவது, இந்த வழக்கங்களில் பாதிக்கு மேல் ஒலியில் பிறந்தவை. சீன மொழியில் ஒரே ஒலிக்குப் பல சொற்கள் உண்டு. நல்ல சொல்லைப் போல் ஒலிக்கும் பொருளை வீட்டுக்குள் அழைப்பார்கள். கெட்ட சொல்லைப் போல் ஒலிப்பதை வாசலிலேயே நிறுத்துவார்கள். இந்தத் திறவுகோல் கையில் இருந்தால் பல பூட்டுகள் தாமாகத் திறக்கும்.

படி 1: நாளைக் கண்டுபிடியுங்கள்

சீன மாதம் அமாவாசையன்று பிறக்கிறது. பதினைந்தாம் நாளையொட்டிப் பௌர்ணமி வரும். புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே விழும். சந்திர மாதங்கள் பன்னிரண்டு சேர்ந்தாலும் சூரிய ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் குறையும் என்பதால், 19 ஆண்டுகளுக்கு 7 முறை ஒரு மிகை மாதத்தைச் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். நம் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது: சில ஆண்டுகளில் தை அமாவாசையையொட்டி வரும், சில ஆண்டுகளில் மாசி அமாவாசையையொட்டி. 2025-இல் ஜனவரி 29 அன்று தை அமாவாசையும் சீனப் புத்தாண்டும் ஒரே நாளில் வந்தன. 2026-இல் பிப்ரவரி 17, குதிரை ஆண்டு. 2027-இல் பிப்ரவரி 6, ஆட்டின் ஆண்டு.

1912-இல் சீனக் குடியரசு மேற்கத்திய நாள்காட்டியை ஏற்றபின் 'புத்தாண்டு' என்ற பெயர் ஜனவரி 1-க்கு உரியதாயிற்று. பழைய புத்தாண்டுக்குச் 'சுன்ஜியே', அதாவது வசந்த விழா என்ற பெயர் நிலைத்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பயணம் செய்பவர்களுக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை: புத்தாண்டுக்கு 15 நாள் முன்பிருந்து 25 நாள் பின்பு வரை, மொத்தம் 40 நாட்கள், 'சுன்யுன்' என்ற பயண நெரிசல் காலம். வேலைக்காக நகரங்களுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குத் திரும்புவார்கள். ரயில் டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது.

படி 2: லாபா கஞ்சி

பன்னிரண்டாம் மாதத்துக்கு 'லா' மாதம் என்று பெயர். அதன் எட்டாம் நாள்தான் வரிசையின் தொடக்கம். அரிசி, தினை, பயறு வகைகள், தாமரை விதை, இலந்தைப் பேரீச்சை, கடலை எனக் கையில் உள்ள தானியமும் பருப்பும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். புத்தர் ஞானம் பெற்ற நாளாகவும் இது கருதப்படுவதால், பௌத்தக் கோயில்களில் வருவோர்க்கெல்லாம் கஞ்சி வழங்குவார்கள். வடக்கே அன்று உரித்த பூண்டை வினிகரில் ஊறவைப்பார்கள். குளிரில் ஊறும் பூண்டு மெல்ல மெல்லப் பச்சை மாணிக்க நிறமாக மாறும். புத்தாண்டு இரவில் ஜியாவ்ஸிக்கு, அதாவது பூரணம் வைத்த கோதுமைக் கொழுக்கட்டைக்கு, தொட்டுக்கொள்ள இதுதான்.

படி 3: அடுப்படித் தெய்வத்தை வழியனுப்புதல்

முழு வரிசையிலும் எனக்கு மிகவும் பிடித்த நாள் இது. வடக்கே லா மாதத்தின் இருபத்து மூன்றாம் நாள், தெற்கே பெரும்பாலும் இருபத்து நான்காம் நாள். இதைச் சின்னப் புத்தாண்டு என்பார்கள்.

அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் படத்தில் சாவ் ஜுன் என்ற அடுப்படித் தெய்வம் ஆண்டு முழுவதும் அமர்ந்திருக்கிறார். குடும்பத்தில் யார் என்ன பேசினார்கள், எதை வீணாக்கினார்கள், யாரோடு சண்டையிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்று அவர் விண்ணுலகம் சென்று, ஜேடு (பச்சை மணிக்கல்) பேரரசர் என்னும் மேலான தெய்வத்திடம் குடும்பத்தைப் பற்றி அறிக்கை தரவேண்டும். அறிக்கை நல்லபடி அமைய வேண்டுமே! அதற்காகப் பசைத் தினையையும் முளைகட்டிய பார்லியையும் சேர்த்துக் காய்ச்சிய, பல்லில் ஒட்டும் பாகு மிட்டாயைப் படைப்பார்கள். சிலர் அதைச் சற்று உருக்கிப் படத்தின் உதட்டிலேயே தடவிவிடுவார்கள். வாய் இனித்தால் இனிப்பாகப் பேசுவார்; வாய் ஒட்டிக்கொண்டால் பேசவே முடியாது. எப்படியானாலும் குடும்பத்துக்கு நன்மைதான். அவர் ஏறிச்செல்லும் குதிரைக்கு வைக்கோலும் தண்ணீரும் வைக்கத் தவறமாட்டார்கள். பிறகு படத்தைக் கழற்றி எரிப்பார்கள். புகையோடு அவர் மேலே போகிறார். படத்தின் இருபுறமும் உள்ள வாசகம், விண்ணில் நல்லதைச் சொல்லுங்கள், மண்ணுக்கு நன்மையைக் கொண்டுவாருங்கள் என்று வேண்டும். புத்தாண்டு முந்திய இரவில் புதுப்படம் ஒட்டி அவரை மீண்டும் வரவேற்பார்கள்.

பழைய வழக்கப்படி இந்தப் படையலைப் பெண்கள் செய்யக்கூடாது, ஆண்கள்தான் செய்யவேண்டும். ஆண்டு முழுவதும் அந்த அடுப்பின் முன் நின்றவர்களை அந்தச் சடங்கிலிருந்து விலக்கியது எனக்கு ஒப்பவில்லை. இன்று பல குடும்பங்களில் அந்தத் தடை தளர்ந்துவிட்டது.

படி 4: கூட்டுதல், அரைத்தல், வாங்குதல்

பெய்ஜிங் குழந்தைகள் பாடும் பழைய நாட்டுப் பாடல் ஒன்று இந்த வாரத்துக்கு அட்டவணையே போட்டுத் தருகிறது. இருபத்து மூன்றில் ஒட்டும் மிட்டாய், இருபத்து நான்கில் வீடு கூட்டல், இருபத்து ஐந்தில் சோயா அரைத்துத் தோஃபு, இருபத்து ஆறில் இறைச்சி, இருபத்து ஏழில் சேவல், இருபத்து எட்டில் மாவு புளிக்கவைத்தல், இருபத்து ஒன்பதில் மாந்தோ ரொட்டி அவித்தல், முப்பதாம் இரவு கண்விழிப்பு.

இவற்றில் வீடு கூட்டுவதுதான் சடங்கு, மற்றவை ஏற்பாடு. தூசிக்கான சொல்லும் பழையது என்பதற்கான சொல்லும் 'சென்' என்றே ஒலிக்கின்றன. தூசியைத் தள்ளினால் பழைய ஆண்டின் துரதிர்ஷ்டம் வெளியேறுகிறது. உத்தரத்து ஒட்டடை முதல் பெட்டிக்கு அடியில் உள்ள குப்பை வரை எல்லாம் போகவேண்டும். கடனிருந்தால் அதையும் இந்த வாரத்துக்குள் அடைத்துவிடுவது மரியாதை.

படி 5: வாசலை அலங்கரித்தல்

புத்தாண்டுக்கு முந்திய நாள் காலையில் அல்லது பகலில் சிவப்புத் தாளில் எழுதிய ஈரடிகளைக் கதவின் இருபுறமும் ஒட்டுவார்கள். பெயர் சுன்லியன். முற்காலத்தில் தீயதை விரட்டப் பீச் மரப்பலகைகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றின் இடத்தைத் தாள் பிடித்தது. 964-ஆம் ஆண்டையொட்டி, பின்-ஷூ நாட்டு அரசர் மெங் சாங் பலகையில் எழுதிய புத்தாண்டு ஈரடியே முதலாவது என்று மரபு சொல்கிறது.

ஒட்டும் முறையில் பலர் தடுமாறுவார்கள். மரபுப்படி, வாசலைப் பார்த்து நிற்பவரின் வலக்கைப் பக்கம் முதலடி, இடக்கைப் பக்கம் இரண்டாமடி, நிலைப்படியின் மேல் குறுக்கே நான்கு எழுத்து கொண்ட சிறு வாசகம். எது முதலடி? கடைசி எழுத்தை வாசித்துப் பார்க்கவேண்டும். ஏற்ற இறக்கமுள்ள தொனியில் முடிவது முதலடி, சமத்தொனியில் முடிவது இரண்டாமடி. மேல் வாசகம் இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். ஒட்டுவதற்குக் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசைதான் பழைய முறை. குளிர்காற்றில் நன்றாகப் பிடிக்கும்.

கதவின் நடுவே சாய்சதுரத் தாளில் 'ஃபூ' என்ற எழுத்து, அதாவது நற்பேறு. தலைகீழாக ஒட்டியிருந்தால் தவறு என்று சுட்டிக்காட்டாதீர்கள். தலைகீழ் என்பதும் வந்துசேர்ந்தது என்பதும் 'தாவ்' என்றே ஒலிக்கின்றன. ஆனாலும் தலைவாசலில் நேராகவும், தண்ணீர்ப் பானை, அலமாரி போன்ற இடங்களில் தலைகீழாகவும் ஒட்டுவதே முறை என்று வழக்கம் அறிந்தவர்கள் வற்புறுத்துகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். வாசல் என்பது எதையும் கவிழ்க்கும் இடமல்ல.

இரட்டைக் கதவாக இருந்தால் காவல் தெய்வங்கள் இருவரின் படமும் இருக்கும். பெரும்பாலும் தாங் வம்சத் தளபதிகள் சின் ஷுபாவ், யூச்சி கோங். பேய்களின் தொல்லையால் உறங்க முடியாத தாய்சோங் பேரரசருக்காக இருவரும் இரவெல்லாம் வாசலில் நின்றார்கள். பிறகு அவர்களுக்கு ஓய்வு தர எண்ணிய பேரரசர் படம் வரைந்து ஒட்டச்செய்தார் என்பது கதை. தியான்ஜினின் யாங்லியுச்சிங், சுஜோவின் தாவ்ஹுவாவு, சிச்சுவானின் மியான்ஜு ஆகிய ஊர்களின் மர அச்சுப் படங்கள் புகழ்பெற்றவை.

ஒரு வாசலில் சிவப்பே இல்லையென்றால் அந்த வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருக்கலாம். சில வட்டாரங்களில் மூன்று ஆண்டுகள் வரை சிவப்புக்குப் பதில் வேறு நிறத் தாளை ஒட்டுவார்கள். அங்கே ஆரவாரமான வாழ்த்து வேண்டாம்.

படி 6: முந்திய இரவு விருந்து

இதுதான் உச்சம். ஒரே ஒரு நாள்தான் சீனக் குடும்பத்தோடு இருக்க முடியும் என்றால் இந்த இரவைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அழைப்பு இல்லாமல் போகாதீர்கள். இது உறவினர் கூடும் இரவு. முதலில் முன்னோருக்குப் படையல், ஊதுபத்தி. பிறகே மேசை.

முழு மீன் கட்டாயம் இருக்கும். மீனும் மிச்சமும் 'யூ' என்றே ஒலிப்பதால், ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும் என்பது பொருள். ஆகவே மீனைத் தின்று தீர்க்கக்கூடாது. கொஞ்சம் மறுநாளுக்கு இருக்கவேண்டும். தலை மூத்தவரையோ விருந்தினரையோ நோக்கியிருக்கும். அவர் முதலில் எடுத்த பிறகே மற்றவர்கள் எடுப்பார்கள். கடலோரக் குடும்பங்களில் மேல் பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டிவிடாதீர்கள். படகு கவிழ்வதை நினைவூட்டும். தெற்கே பசையரிசி மாவில் செய்த நியான்காவ் உண்டு; ஆண்டுக்கு ஆண்டு உயர்வு என்று அதன் பெயர் ஒலிக்கும்.

வடக்கே மேசையின் அரசி ஜியாவ்ஸி. வடமேற்குச் சீனாவில் துர்பான் அருகே உள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் காலத்து ஜியாவ்ஸிகள் காய்ந்த நிலையில் கிடைத்திருக்கின்றன; வடிவம் இன்றைக்கு உள்ளதேதான். வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் செய்முறை:

மைதாவில் பாதியளவு தண்ணீர், குளிர்ந்த நீராகவே, ஊற்றிப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். சீன முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி உப்பிட்டு, கையால் இறுகப் பிழிந்து நீரை வெளியேற்றுங்கள். இந்தப் பிழிதலைச் சோம்பலால் விட்டால் மாவு நனைந்து கிழியும். கொத்திய பன்றி இறைச்சியோடு (வேண்டாதவர்கள் முட்டைப் பொரியலும் பூண்டுத்தாளும் வைக்கலாம்) இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ், நல்லெண்ணெய் சேர்த்து ஒரே திசையில் கலக்குங்கள். சிறு உருண்டைகளை, நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் வட்டமாக இடுங்கள். பூரணத்தை வைத்து, நடுவை முதலில் ஒட்டி, இரு ஓரங்களையும் மடித்து அழுத்துங்கள். பழைய பொன் கட்டியின் வடிவம் வரும். கொதிநீரில் போட்டு, பொங்கும்போதெல்லாம் ஒரு கோப்பைக் குளிர்நீர் என மூன்று முறை ஊற்றினால் தோலும் பூரணமும் ஒன்றாக வேகும்.

ஒன்றில் மட்டும் நன்கு கழுவிய நாணயத்தை ஒளித்து வைப்பார்கள். கிடைத்தவருக்கு ஆண்டு முழுவதும் அதிர்ஷ்டம். கடிக்கும்போது கவனம் தேவை. பானையில் ஒன்று பிளந்துவிட்டால் "உடைந்துவிட்டது" என்று சொல்லக்கூடாது; "சம்பாதித்தது" என்று சொல்லவேண்டும்.

படி 7: நள்ளிரவும் சிவப்பு உறையும்

விடியும் வரை கண்விழிப்பது, பெற்றோரின் ஆயுள் நீளவேண்டும் என்பதற்காக. 1983 முதல் சீன மத்தியத் தொலைக்காட்சியின் வசந்த விழா நிகழ்ச்சி இந்த விழிப்புக்குத் துணையாக இருக்கிறது.

நள்ளிரவில் பட்டாசு. நியான் என்ற மிருகம் சிவப்புக்கும் சத்தத்துக்கும் அஞ்சி ஓடியது என்ற கதையைத்தான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். குழந்தைகளுக்கு நல்ல கதை; ஆனால் பழைய நூல்களில் அதற்கு ஆதாரம் கிடைப்பதில்லை. ஆறாம் நூற்றாண்டில் சோங் லின் எழுதிய ஆண்டுச் சடங்குக் குறிப்பில் இருப்பது வேறு: முதல் நாள் கோழி கூவும்போது எழுந்து, மலைப்பேய்களை விரட்ட முற்றத்தில் மூங்கிலை நெருப்பிலிட்டு வெடிக்கச் செய்தார்கள். வெடிமருந்துக்கு முந்திய பட்டாசு அது. இன்று பல நகரங்களில் தடை உண்டு. பெய்ஜிங்கில் 2022 முதல் நகர் முழுவதும் தடை. சிங்கப்பூரில் 1972 முதலே தடை.

சிவப்பு உறைக்கு ஹோங்பாவ் என்று பெயர். குழந்தைகளுக்குத் தரும் இந்தப் பணம் அவர்களைத் தீங்கிலிருந்து காக்கும் காப்பு, தொகை இரண்டாம்பட்சம். நீங்கள் தருவதானால் புதுத்தாள்களாக, இரட்டைப்படைத் தொகையாக வையுங்கள். நான்கு என்ற எண் சாவைப் போல் ஒலிப்பதால் தவிர்க்கவேண்டும். எட்டு செழிப்பைப் போல் ஒலிக்கும். வெள்ளை உறையும் ஒற்றைப்படைத் தொகையும் இறப்பு வீட்டுக்கு உரியவை. இரு கைகளாலும் கொடுங்கள், இரு கைகளாலும் வாங்குங்கள், கொடுத்தவர் முன்னே பிரிக்காதீர்கள். குவாங்தோங் வழக்கில் திருமணமானவர்கள் ஆகாதவர்களுக்குத் தரவேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தீபாவளிக்கு நம்மவர்கள் வண்ண உறைகளில் பணம் தருவது இந்த வழக்கிலிருந்து வந்ததுதான்.

படி 8: முதல் நாள், விருந்தினராக

புத்தாடை, முடிந்தால் சிவப்பு. முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் வேண்டாம். முதலில் வீட்டில் மூத்தவருக்கு வாழ்த்து. 'சின்னியான் க்வாய்லெ' என்றால் புத்தாண்டு வாழ்த்து. 'கோங்சி ஃபாசாய்' என்றால் செல்வம் பெருகட்டும். குவாங்தோங் வட்டாரத்துக் கேன்டனீஸ் பேசும் குடும்பத்தில் பின்னது 'கோங் ஹெய் ஃபாட் சோய்' ஆகும்.

தெற்கத்தியக் குடும்பங்களுக்கும் தென்கிழக்காசியாவிலும் மாண்டரின் ஆரஞ்சுகளை இரட்டையாகக் கொண்டுபோங்கள். விடைபெறும்போது அவர்களும் இரண்டு பழம் தந்தனுப்புவார்கள். கடிகாரம் கொடுக்கவே கூடாது, அது இறுதிச் சடங்குக்கு வழியனுப்புவதைப் போல் ஒலிக்கும். பேரிக்காயும் குடையும் பிரிவைப் போல் ஒலிக்கும்.

அன்று துடைப்பம், கத்தி, கத்தரிக்கோல் வெளியே வராது. கூட்டினால் வந்த நற்பேறு வெளியே போகும். தலைக்குக் குளிப்பதும் இல்லை. உங்கள் கை தவறிக் கோப்பை உடைந்தால் பதறாமல் 'சுய்சுய் பிங்ஆன்' என்று சொல்லுங்கள். உடைதலும் ஆண்டும் 'சுய்' என்றே ஒலிப்பதால், ஆண்டுதோறும் அமைதி என்று அது வாழ்த்தாக மாறிவிடும். வீட்டாரின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

படி 9: இரண்டு முதல் ஒன்பது வரை

இரண்டாம் நாள் மணமான மகள் கணவரோடு தாய்வீடு வருவாள். மூன்றாம் நாள் சண்டை வரும் என்ற நம்பிக்கையால் பல ஊர்களில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை, நீங்களும் போகாதீர்கள். ஐந்தாம் நாள் வடக்கே தடைகள் உடையும் நாள்: சேர்ந்த குப்பையை வறுமையென்று வெளியே கொட்டி, மீண்டும் ஜியாவ்ஸி. யாங்சி ஆற்றின் தென்கரை வட்டாரத்தில் அன்று செல்வத் தெய்வத்துக்கு வரவேற்பு.

ஏழாம் நாள் மனிதரின் பிறந்தநாள். நூவா தேவி முதல் ஆறு நாட்களில் கோழி, நாய், பன்றி, ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றைப் படைத்து, ஏழாம் நாள் மண்ணால் மனிதரைச் செய்தாள் என்பது தொன்மம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மேசையைச் சுற்றி நின்று சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிக் கலக்கும் பச்சை மீன் சாலட்டான யீ சாங் இந்த நாளோடு சேர்ந்தது.

எட்டாம் நாள் நள்ளிரவில், தென்கிழக்குச் சீனாவின் ஃபுஜியன் மாகாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஹொக்கியன் மக்கள் ஜேடு பேரரசரின் பிறந்தநாளைத் தொடங்குவார்கள். முன்னோர் படுகொலைக்குத் தப்பிக் கரும்புக் காட்டில் ஒளிந்து, ஒன்பதாம் நாள் உயிரோடு வெளிவந்தார்கள் என்ற நினைவில் தோகையோடு முழுக் கரும்புகளைப் படையல் மேசையின் இருபுறமும் கட்டுவார்கள். அவர்களுக்கு முதல் நாளைவிட இது பெரியது. பினாங்கில் இருப்பவர்கள் சியூ படகுத்துறைக்குப் போனால் நேரில் பார்க்கலாம்.

படி 10: பதினைந்தாம் இரவு

முதல் பௌர்ணமி, விளக்குத் திருவிழா. தெருவெங்கும் விளக்குகள், விளக்குகளில் தொங்கும் சீட்டுகளில் விடுகதைகள். பசையரிசி உருண்டைகளைச் சுடுநீரோடு கிண்ணத்தில் தருவார்கள். வடக்கத்திய யுவான்சியாவுக்குப் பூரணத்தை மாவு நிரம்பிய கூடையில் போட்டுக் குலுக்கிக் குலுக்கிப் பெரிதாக்குவார்கள். தெற்கத்திய தாங்யுவானுக்கு மாவைப் பிசைந்து உள்ளே எள்ளுப் பூரணம் வைத்து உருட்டுவார்கள், நம் கொழுக்கட்டை போல. முதல் உருண்டையை ஒரே கடியாகக் கடிக்காதீர்கள். பூரணம் நாக்கைச் சுடும். மலேசியாவில் இந்த இரவு சாப் கோ மே. இளம்பெண்கள் ஆரஞ்சுப் பழத்தை நீரில் எறிந்து நல்ல துணையை வேண்டுவார்கள். 2025-இல் தைப்பூசத்துக்கு அடுத்த நாளே இது வந்தது.

விழா இதோடு முடிகிறது. ஒரு தடை மட்டும் வடக்கே இன்னும் நீடிக்கும். முதல் மாதத்தில் முடி வெட்டினால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். இரண்டாம் மாதம் இரண்டாம் நாள், டிராகன் தலை தூக்கும் நாளன்றுதான் வெட்டிக்கொள்ளலாம். அன்று அங்கே முடி வெட்ட நினைப்பவர்கள் காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.